ஹெக்கம்பரியில் புதன்கிழமை

இங்கிலாந்தில் ஹெக்கம்பரி என்று ஒரு சந்தை ஊர் இருந்தது. அந்த ஊரின் மணிக்கூண்டுக்கு மேலே, புறாக்கள் உட்காரும் இடத்துக்கும் மேலே, ஏழு கிழமைகளும் ஒரே வீட்டில் கூட்டுக்குடும்பமாக வாழ்ந்து வந்தார்கள். யாருடைய முறையோ அவர் காலையில் ஊர்ச்சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்குவார். மற்ற ஆறு பேரும் வீட்டில் டீ குடிப்பார்கள், சண்டை போடுவார்கள்.

மூத்தவள் ஞாயிறு. அவளுக்கு அடுத்து திங்கள், செவ்வாய் என்று இரண்டு தம்பிமார். நடுவில் பிறந்தவள் புதன். அவளுக்குப் பின்னால் வியாழனும் வெள்ளியும். கடைக்குட்டி சனி.

புதன் ஒரு நிமிஷம் சும்மா இருக்கமாட்டாள். ஜன்னல் சாத்தியிருக்கிறதா என்று பார்ப்பாள். பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்ததும், சரியாகப் பார்த்தோமா என்று மறுபடி போவாள். முன்பு அவள் இப்படி இல்லை. அந்த வீட்டிலேயே நிமிர்ந்து நடந்தவள் அவள்தான்.

பல நூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு ராஜா குதிரையில் போகிற போக்கில், "இந்த ஊரில் புதன்கிழமை சந்தை கூடட்டும். வேறு கிழமையில் எவனாவது விற்றால் தண்டம் போடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து புதன் சாவியோடு இறங்கினால் ஊரே அவள் பின்னால் வந்தது. கம்பளி மூட்டைகள் வந்தன. மூட்டைகளை வாங்கக் கடல் தாண்டி ஆட்கள் வந்தார்கள். பெண்கள் நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு வந்தார்கள். வீட்டில் டீயின் முதல் கோப்பை அவளுக்குத்தான்.

பிறகு கம்பளி போய்விட்டது. எங்கோ பெரிய ஆலைகள் வந்தன என்றார்கள். புதன் கலங்கினாள். ஆனால் தானியம் வந்தது. அதற்கென்று தூண் வைத்து ஒரு மண்டபமே கட்டினார்கள். பிறகு தானியமும் போயிற்று. ஆடும் மாடும் வந்தன. சதுக்கம் முழுக்கச் சாணியும் சத்தமுமாக இருந்தது. ரயில் வந்தபோது திங்கள் அண்ணன் மார்தட்டினான். "பார்த்துக்கிட்டே இரு, ரயில் ஊருக்கு ஆட்களைக் கொண்டுவந்து கொட்டப் போகுது" என்றான். கொண்டுவந்தது உண்மைதான். பிறகு அதே ரயில் ஆட்களைக் காலையில் லண்டனுக்கு அள்ளிக்கொண்டு போய், இருட்டிய பிறகு திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தது.

மாட்டுச் சந்தையும் ஒருநாள் நின்றது. ஊருக்கு வெளியே சாலையோரத்தில் ஒரு பெரிய அங்காடி எழுந்தது. அதற்குக் கிழமையே தெரியாது. எந்த நாளில் போனாலும் ஒரே விளக்கு, ஒரே பாட்டு. அதற்கும் பின்னால், ஃபோனைத் தடவினால் வாசலில் பெட்டி வந்து விழுகிற காலம் வந்தது. தானிய மண்டபத்தைத் துண்டு துண்டாக வெட்டி, குடியிருக்க வீடுகளாக விற்றார்கள். சதுக்கத்தைச் சுற்றி இருந்த கடைகளில் நகம் அழகுபடுத்தும் கடையும், காப்பிக் கடைகளும், பழைய துணியை நல்ல காரியத்துக்கென்று விற்கும் கடைகளும் வந்து உட்கார்ந்தன. நடுவில் சதுக்கம் மட்டும் கார்கள் நிறுத்தும் இடமாக மாறியிருந்தது.

புதனுக்கு மிஞ்சியது ஒரே ஒரு கடை. நெவில் என்கிற மீன்காரர் கடற்கரையிலிருந்து வேனில் வந்து, ஊர்மண்டப வாசலில், எப்போதும் சந்தையின் முதல் கடை நிற்கிற இடத்தில், பலகை போட்டு மீன் விற்றார். அவருக்காக ஒரு பழைய வழக்கமும் மிச்சமிருந்தது. செவ்வாய் சாயங்காலமே கார்களைச் சதுக்கத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். புதன் காலை ஒன்பது மணிக்கு மணி அடித்ததும் சதுக்கத்தின் வாயிலில் சங்கிலி போட்டுப் பூட்டிவிடுவார்கள். மத்தியானம் மூன்று மணிக்கு மறுபடி மணி அடித்தால்தான் திறப்பார்கள். உள்ளே மாட்டிய கார் மாட்டியதுதான்.

ஒருநாள் ஊர்சபை ஒரு முடிவு எடுத்தது. வருகிற புதனன்று மணி அடிக்கும்போது சந்தையின் பழைய இடத்தில் ஒரு கடையாவது நிற்க வேண்டும். நிற்காவிட்டால் சந்தை முடிந்தது. சதுக்கம் ஏழு நாளும் கார்களுக்கே.

செய்தி வீட்டுக்கு வந்தபோது சனி டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தான். இப்போது அந்த வீட்டில் சம்பாதிப்பவன் அவன்தான். பேச்சும் அப்படித்தான் இருக்கும்.

"நல்லதாப் போச்சு அக்கா. உனக்கு எதுக்கு இந்த அலைச்சல்? உன்கிட்ட என்ன சரக்கு இருக்கு, நாலு மீன். அதையும் என்கிட்ட குடுத்துடு. பக்கத்துல ஒரு காப்பி வண்டி, ஒரு கிட்டார்காரன், நான் பார்த்துக்கிறேன்."

"அப்போ நான் யாருடா?" என்றாள் புதன்.

"நீயா? செவ்வாய் அண்ணன் மாதிரி ஒரு நாள். சும்மா வந்துட்டுப் போ."

செவ்வாய் தலையைத் தூக்கினான். "ஏன், எனக்கு என்ன குறைச்சல்?"

"அதைத்தான் அண்ணே சொல்றேன். உன்கிட்ட குறையும் இல்லை, ஒண்ணும் இல்லை."

புதன் ஞாயிற்றிடம் போனாள். "அக்கா, நீயாவது சொல்லு. என்கிட்ட இப்ப எந்தச் சரக்கு இருக்கணும்? கம்பளியா? மாடா? நான் எதைத் தேடிக் கொண்டுவரணும்?"

ஞாயிறு பெருமூச்சு விட்டாள். "என்னைப் போய்க் கேட்கிறாயே. என் தேவாலய மணிச் சத்தம் கேட்டு வந்தவர்கள் எல்லாம் இப்போது பூச்செடி வாங்கும் கடைக்குப் போகிறார்கள். எனக்கே ஒன்றும் விளங்கவில்லை, புதன்."

திங்களைக் கேட்கலாம் என்றால் அவன் காலை நீட்டிப் படுத்திருந்தான். வருகிற திங்கள் அவனுக்கு வசந்தகால விடுமுறை. "எனக்கு லீவு. என்னை எதுவும் கேட்காதே" என்று முகத்தில் பேப்பரைப் போட்டுக்கொண்டான்.

அந்த லீவுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று புதனுக்கு அப்போது தெரியவில்லை.

திங்களன்று ஊரே விடுமுறை கொண்டாடியது. மறுநாள் செவ்வாய் சாவியோடு இறங்கினான். ஜனங்கள் எழுந்து, கண்ணைக் கசக்கி, வேலை ஆரம்பிக்கிற முதல் நாள் ஆனபடியால் அதைத் திங்கள் என்றே நினைத்துக்கொண்டார்கள். பாதிப்பேர் இப்போது லண்டனுக்கே போவதில்லை. வீட்டிலேயே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள். குப்பை வண்டியும் விடுமுறையால் ஒரு நாள் தள்ளித்தான் வரும். ஆகவே என்ன கிழமை என்று எடுத்துச் சொல்ல அந்த ஊரில் ஒருவரும் இல்லை. அன்று சாயங்காலம் சதுக்கத்திலிருந்து ஒரு காரும் நகரவில்லை.

புதன் காலையில் சாவியோடு இறங்கியவள் படியிலேயே நின்றுவிட்டாள். சதுக்கம் நிறையக் கார்கள். ஊர்மண்டப வாசலில், நெவில் பலகை போடுகிற அதே இடத்தில், ஒரு சின்னச் சிவப்புக் கார்.

"ஏய், நகரு!" என்றாள் புதன்.

கார் அரைத்தூக்கத்தில் இருந்தது. "யார் நீ?"

"புதன்கிழமை."

"பொய். இன்றைக்குச் செவ்வாய். என் அம்மணி அப்படித்தான் சொன்னாள்."

"உன் அம்மணிக்கு ஒரு நாள் பிந்திவிட்டது. நகரு, உன் காலில் விழுகிறேன்."

"எனக்குக் கால் இல்லை. தானாக நகரவும் தெரியாது. அப்படியே தெரிந்தாலும் பின்னால் ஒருவன் நிற்கிறான் பார், அவன் பின்னால் இன்னொருவன். எங்கே போவது?"

புதன் ஓடிப்போய் மணிக்கூண்டு மணியைக் கெஞ்சினாள். "கொஞ்சம் தாமதமாக அடிக்கக் கூடாதா?"

"நான் அடித்தால்தான் ஒன்பது என்று ஊர் நம்புகிறது. ஒருமுறை தாமதித்தால் அப்புறம் என்னையும் நம்பமாட்டார்கள். ஏற்கெனவே எல்லாரும் ஃபோனைத்தான் பார்க்கிறார்கள்" என்றது மணி.

அதற்குள் நெவில் வேனோடு வந்துவிட்டார். வாயிலுக்கு வெளியே வேனை நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தார். சிவந்த முகம் இன்னும் சிவந்தது. "யாருப்பா இது? யாரோட கார்?"

சதுக்கத்து மூலையில் தபால் நிலையமும் மளிகையுமாக ஒரு கடை இருந்தது. அதை நடத்துகிறவள் தவராணி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அந்த ஊரிலேயே நரை கண்டவள். யாருடைய கார் எது என்று அவளுக்குத் தெரியும். பழைய தானிய மண்டப வீட்டின் ஜன்னலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"பிலிப்பா! ஓடி வாரும்! உம்மட காரை எடும்!"

ஈரத் தலையோடு ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். லண்டன் வாடகைக்குப் பயந்து இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஹெக்கம்பரிக்குக் குடிவந்தவள். "ஏன்? நாளைக்குத்தானே சந்தை?"

"இண்டைக்குப் புதன் பிள்ளை! திங்கள் லீவு விட்டதில ஊரே ஒரு நாள் பிந்திப் போச்சு!"

பிலிப்பா அலறியடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். சாவி இருந்தது. ஆனால் எடுக்க வழியில்லை. பின்னால் நின்ற கார் யாருடையது என்று தவராணி சொல்வதற்குள், ஊர்சபை ஆள் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், சந்தையின் பழைய இடத்தைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

கிழமைகள் பேசுவது மனிதர் காதில் விழாது. சில சமயம் தங்களுக்கே தோன்றியதுபோல மனதில் விழும், அவ்வளவுதான். என்ன சொல்கிறோம் என்று தெரியாமலே புதன் காரின் காதருகே குனிந்தாள்.

"நகர வேண்டாம். கொஞ்ச நேரம் பலகையாக இருக்கிறாயா?"

"பலகையா? நானா? என்ன விலை கொடுத்து என்னை வாங்கினார்கள் தெரியுமா? மீன் நாற்றம் ஒரு மாதம் போகாது!"

"சரி என்று சொல்லேன்."

"சொல்லாவிட்டால் விடவா போகிறாய்," என்றது கார்.

நெவில் தலையைச் சொறிந்தார். காரை ஒரு பக்கம் பார்த்தார், மறுபக்கம் பார்த்தார். பிறகு வேனுக்குப் போய் ஐஸ் நிரப்பிய ஒரு தட்டைத் தூக்கிவந்து காரின் முன்மூடி மேல் டொம்மென்று வைத்தார். அதன் பக்கத்தில் இன்னொன்று.

"ஐயோ! என்ன பண்றீங்க? என் கார்!" என்று கத்தினாள் பிலிப்பா.

"என் இடம்மா இது. நீங்க நிறுத்தலாம், நான் வைக்கக்கூடாதா?"

மணி அடித்தது. சங்கிலி விழுந்தது. ஊர்சபை ஆள் மூக்கைப் பிடித்துக்கொண்டு கிட்டே வந்தார்.

"இது கடையா, நெவில்?"

"மீன் இருக்கு. விக்கிறதுக்கு நான் இருக்கேன். வேற என்ன வேணும்?"

"கடைன்னா நாலு கால் நிக்கணும்."

"நாலு சக்கரம் நிக்குதே, எண்ணிப் பாருங்க."

ஊர்சபை ஆள் வெகுநேரம் யோசித்தார். கடை இல்லை என்று சொன்னால் இந்த மீன்காரரோடு மூன்று மணி வரை வாதாட வேண்டும். "சரி, கடைதான்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

இதற்குள் மற்றக் கார்க்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவர் பல் வைத்தியரிடம் போக வேண்டியவர். ஒருத்தி இசை வகுப்புக்கு. சங்கிலியைப் பார்த்தார்கள், ஃபோனைப் பார்த்தார்கள், "புதனா? இன்றைக்கா?" என்று ஒருவரை ஒருவர் கேட்டார்கள். திட்டினார்கள். திட்டி முடித்த பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். நின்றவர்களின் கண் மீன்மேல் விழுந்தது.

"இது என்ன மீன்?" என்று ஒருவர் கேட்டார். நெவில் சொன்னார். எப்படிப் பொரிப்பது என்றும் சொன்னார். பக்கத்தில் நின்ற அம்மாள் அப்படிப் பொரித்தால் கருகிவிடும் என்றாள். வாக்குவாதம் சூடு பிடித்தது. அதைக் கேட்க நாலு பேர் கூடினார்கள்.

குப்பைக் கிடங்குக்குக் கொண்டுபோக ஒருவர் காரின் பின்புறத்தில் பழைய புல்வெட்டி ஒன்றை வைத்திருந்தார். அவர் வேறு எதையோ எடுக்கப் பின்கதவைத் திறந்தபோது, "அது ஓடுமா?" என்று ஒரு குரல் கேட்டது. ஓடும், கொஞ்சம் இருமும். பேரம் ஆரம்பமானது. அதைப் பார்த்து இன்னொருத்தி தன் காரிலிருந்த குழந்தைச் சைக்கிளை இறக்கினாள். இசை வகுப்புக்காரி பொழுது போகாமல் வயலினை எடுத்தாள். தவராணி கடையில் டீ தீர்ந்ததும், உருளைக்கிழங்கை வைத்துச் சுருட்டிய ரோல்ஸைச் சுடச்சுடப் பொரித்து ஒரு மேசை போட்டாள். "காசு பிறகு தரலாம், முதல்ல தின்னுங்கோ" என்று அதட்டினாள்.

புல்வெட்டிக்காரர் பேசும்போது நடுநடுவே தொண்டையைக் கனைத்தார். பிலிப்பா சட்டென்று திரும்பினாள்.

"நீங்க மண்டப வீட்டுல இருக்கீங்களா? ரெண்டாவது மாடி?"

"ஆமா. எப்படித் தெரியும்?"

"அந்தக் கனைப்புதான்! ரெண்டு வருஷமா என் சுவருக்கு அந்தப் பக்கம் கேக்குது. தினமும் காலையில சிங்கப்பூர்க்காரங்களோட பேசுறேன், அவங்ககூட உங்க இருமல் எப்படி இருக்குன்னு விசாரிக்கிறாங்க."

மூன்று மணி அடித்தது. சங்கிலி திறந்தது. ஒருவரும் உடனே போகவில்லை.

புதன் மாடிக்கு ஏறி வந்தபோது கால்கள் தரையில் படவில்லை. சனி வாசலிலேயே நின்றான்.

"ரொம்பப் பூரிக்காதே அக்கா. அவங்க உன்னைத் தேடி வரலை. மாட்டிக்கிட்டாங்க. உன்னை மறந்து போனதாலதான் கூட்டமே."

புதனின் முகம் விழுந்தது. அது உண்மைதானே. நினைவிருந்தால் முந்தின நாளே காரை எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள் அல்லவா?

ஞாயிறு சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். "அந்தக் காலத்தில் மட்டும் என்ன? வேறு கிழமையில் விற்றால் தண்டம். கம்பளிக்காரன் உன் முகத்தைப் பார்க்கவா வந்தான்? அவனும் மாட்டிக்கொண்டவன்தான்."

"அக்கா, இது ஆறுதலா, அடியா?" என்று கேட்டாள் புதன்.

"எனக்கும் தெரியவில்லை," என்றாள் ஞாயிறு.

அந்த வாரம் முழுக்கப் புதனுக்குத் தூக்கமில்லை. அப்படியானால் எந்த நாளிலும் எவரும் அவளுக்காக வந்ததில்லையா? வந்தவர்கள் எல்லாரும் ராஜாவின் தண்டத்துக்குப் பயந்தவர்களா? ஆனால் பயந்து வந்தவள் எதற்காக நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு வந்தாள்? மாட்டிக்கொண்டவர்கள் மூன்று மணிக்குப் பிறகும் ஏன் நின்றார்கள்? ஒரு பக்கம் யோசித்தால் சனி சொல்வது சரி. மறுபக்கம் யோசித்தால் யாருமே சரியில்லை. அவள் ஜன்னலைச் சாத்தினாள், திறந்தாள், மறுபடி சாத்தினாள்.

"அடுத்த வாரம் லீவும் கிடையாது," என்று சனி நினைவுபடுத்திக்கொண்டே இருந்தான். "எல்லாருக்கும் கிழமை தெரியும். நெவிலும் நாலு மீனும். பார்ப்போம்."

மறுபடி செவ்வாய் வந்தது. சாயங்காலம் புதன் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மற்றவர்களும் அவள் பின்னால் கூடினார்கள். கீழே ஜனங்கள் வந்து கார்களை எடுக்க ஆரம்பித்தார்கள். "நாளைக்குப் புதன்!" என்று ஒருவருக்கொருவர் சொல்லிச் சிரித்துக்கொண்டே எடுத்தார்கள். ஒவ்வொரு முறை தன் பெயர் காதில் விழும்போதும் புதனுக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு கார் வெளியேறியது.

"எல்லாருக்கும் உன் நினைப்புதான்," என்றான் சனி. "அதான் ஓடறாங்க."

சதுக்கம் காலியானது. ஊர்மண்டப வாசலில் அந்தச் சிவப்புக் கார் மட்டும் நின்றது. பிலிப்பா மண்டப வீட்டிலிருந்து வந்தாள். தவராணி கடைக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தவள் அவளைப் பார்த்து எச்சரித்தாள்.

"பிலிப்பா! காரை எடும், விடிஞ்சா புதன்!"

"தெரியும் ஆன்ட்டி," என்றாள் பிலிப்பா.

காரை அவள் எடுக்கவில்லை. கையிலிருந்த பெரிய பிளாஸ்டிக் விரிப்பை உதறி அதன் முன்மூடி மேல் விரித்தாள். காற்றில் பறக்காமல் இருக்க நாலு மூலையையும் இழுத்துக் கட்டினாள். பிறகு மீன்தட்டு வைக்க இடம் சமமாக இருக்கிறதா என்று உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.